உயிரணுவின் உள்ளே: செரிபை, பண்டசாலை, சட்டகம்

பள்ளி அறிவியல் நூல் எதுவாயினும் அதில் உயிரணுவின் படம் ஒன்று தவறாமல் இடம்பெறும். வட்டக் கோட்டின் நடுவே உட்கரு. சுற்றிலும் சிறு வட்டங்கள், நீள்வட்டங்கள், மடிப்புகள். ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் அம்புக்குறி, அதன் முனையில் ஒரு பெயர். மாணவர் அப்பெயர்களை மனனம் செய்து தேர்வில் எழுதுகின்றனர். அதில் குறை காண வேண்டியதில்லை. ஆயினும் அப்படம் பெரிய சிக்கல் ஒன்றை மறைத்துவிடுகிறது. உயிரணு உணவை உடைக்க வேண்டும். பழுதடைந்த தன் பகுதிகளையும் உடைக்க வேண்டும். அவ்வாறு உடைக்க வல்ல நொதிகளை அது தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. அந்நொதிகள் புரதத்தையும் கொழுப்பையும் மாவுப்பொருளையும் சிதைப்பவை. உயிரணுவோ அதே புரதத்தாலும் கொழுப்பாலும் மாவுப்பொருளாலும் ஆனது. அப்படியானால் அது தன்னைத் தானே ஏன் கரைத்துக்கொள்வதில்லை?

இவ்வினாவை மையமாகக் கொண்டே இக்கட்டுரை செல்லும். அதற்கு முன் சொற்களைப் பற்றி ஒரு குறிப்பு. தமிழ்நாட்டு நூல்கள் 'செல்' என்றும், இலங்கை நூல்கள் 'கலம்' என்றும், நம் பள்ளிகள் 'உயிரணு' என்றும் வழங்குவது ஒன்றையே. இங்கு 'உயிரணு' என்பதே ஆளப்படுகிறது. ஏனைய கலைச்சொற்களில், தமிழாக்கம் பொருளைத் தெளிவாக்கும் இடத்தில் தமிழ்ச்சொல்லும், குழப்பும் இடத்தில் உலக வழக்குச் சொல்லும் வரும்.

பெல்ஜியத்தின் லூவெய்ன் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டியன் டி டூவ் என்னும் மருத்துவர் 1940களின் இறுதியில் இன்சுலின் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். கல்லீரலில் இன்சுலின் எவ்வாறு வேலை செய்கிறது என்பதே அவர் அறிய விரும்பியது. அதற்காக எலியின் கல்லீரலை அரைத்து, அதிலுள்ள நொதிகளைப் பிரித்து அளந்துவந்தார். ஒப்பீட்டுக்காக, தம் ஆய்வோடு நேரடித் தொடர்பில்லாத அமில பாஸ்படேஸ் என்னும் நொதியையும் அளந்தார். கடுமையாக அரைத்த கல்லீரலில் அந்நொதி வீரியத்தோடு இருந்தது. மென்மையாக அரைத்தபோதோ அதன் செயல் எதிர்பார்த்ததில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே தென்பட்டது. 1949 டிசம்பரில் கிடைத்த முடிவு இது.

அளவீட்டில் பிழை நேர்ந்திருக்கும் என்று கருதி, அக்கலவையைக் கொட்டிவிட்டு மறுபடி தொடங்கியிருக்கலாம். டி டூவும் அவர் குழுவினரும் அதைக் குளிர்ப்பெட்டியில் வைத்து, ஐந்து நாள் கழித்து மீண்டும் அளந்தனர். காணாமற்போன நொதி முழுவதும் அங்கே இருந்தது! நொதி புதிதாக உண்டாகியிருக்க இயலாது. அறுத்தெடுத்த கல்லீரல் எதையும் ஆக்குவதில்லை. ஆகவே அது முதலிலிருந்தே அங்குதான் இருந்திருக்க வேண்டும், ஆனால் எதற்குள்ளோ அடைபட்டு இருந்திருக்க வேண்டும். மெல்ல அரைத்தபோது அந்த உறை கிழியவில்லை. நாள் செல்லச் செல்ல உறை நைந்து, உள்ளிருந்தது வெளிவந்தது. கடுமையாக அரைத்தால் உறை உடனே கிழிகிறது. முரணாகத் தோன்றிய எண்கள் எல்லாம் இந்த ஒரே கருத்தால் இணங்கிவிட்டன.

கண்ணால் காணாமலே ஓர் உறுப்பின் இருப்பு இவ்வாறு நிறுவப்பட்டது. உயிரணுவியலில் இது அரிது. பெரும்பாலானவை முதலில் நுண்ணோக்கியில் தெரிந்து, பின்னரே அவற்றின் பணி புரிந்தது. இன்சுலின் ஆய்வை ஓரமாக வைத்துவிட்டு, டி டூவின் குழு அந்தப் பையைத் துரத்தியது. 1955க்குள் ஐந்து நொதிகள் அதே பைக்குள் இருப்பது தெரிந்தது; ஐந்தும் அமிலச் சூழலில் வேலை செய்பவை, ஐந்தும் சிதைப்பவை. அவ்வாண்டில் அப்பைக்கு 'லைசோசோம்' என்று பெயரிட்டனர். கிரேக்க மூலத்தில் 'கரைக்கும் உடல்' என்பது அதன் பொருள். அதே ஆண்டில் அலெக்ஸ் நோவிக்கோஃப் என்னும் அமெரிக்க ஆய்வாளர் மின்னணு நுண்ணோக்கியின் துணைகொண்டு அதன் உருவத்தைக் காட்டினார். 1974இல் ஆல்பர்ட் கிளாட், ஜார்ஜ் பலாடே ஆகியோருடன் டி டூவுக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. வகுப்பறையில் பொருள் விளங்க இதனைச் 'செரிபை' எனலாம்.

இன்று அறியப்பட்டவரை, செரிபைக்குள் ஏறத்தாழ 60 வகை நொதிகள் உள்ளன. புரதத்தை வெட்டுபவை, கொழுப்பை வெட்டுபவை, மரபணுப் பொருளை வெட்டுபவை என ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. பையின் உட்புறம் அமிலத்தன்மை உடையது, பி.எச். அளவு 4.5 முதல் 5 வரை. பைக்கு வெளியேயுள்ள பாய்மத்தின் பி.எச். 7.2. எண்களாகப் பார்த்தால் வேறுபாடு சிறியதாகத் தோன்றும். ஆனால் பி.எச். என்பது பத்தின் அடுக்காக ஏறியிறங்கும் அளவை. எனவே உள்ளே உள்ள ஹைட்ரஜன் அயனிச் செறிவு வெளியே உள்ளதைவிட 150 முதல் 500 மடங்கு வரை மிகுதி. பையின் சவ்வில் பதிந்திருக்கும் புரத இறைப்பான்கள் ஆற்றலைச் செலவிட்டு ஹைட்ரஜன் அயனிகளை இடைவிடாமல் உள்ளே தள்ளுகின்றன.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை இங்கேதான் உள்ளது. நொதிக்கும் உயிரணுவின் ஏனைய பகுதிகளுக்கும் இடையில் சவ்வு என்னும் சுவர் இருக்கிறது. அச்சுவரின் உட்பக்கம் சர்க்கரைத் தொடர்கள் அடர்ந்த புரதங்களால் பூசப்பட்டிருப்பதால் நொதி அதை எளிதில் அரிக்க இயலாது. ஒருவேளை ஒரு பை கிழிந்தாலும், வெளியே அமிலம் இல்லாததால் நொதிகள் பெரும்பாலும் வலுவிழக்கின்றன. பூட்டு ஒன்று, அதற்கு மேல் மற்றொரு பூட்டு. சில பாடநூல்கள் செரிபையைத் 'தற்கொலைப் பை' என்று வருணிப்பதுண்டு. மாணவர் நினைவில் நிற்கும் தொடர்தான். ஆயினும் அது அதன் அன்றாடப் பணியை மறைத்துவிடுகிறது. உயிரணு திட்டமிட்டு மடியும்போது அவ்வேலையைப் பெரும்பாலும் செய்பவை பைக்கு வெளியே இருக்கும் வேறு நொதிகள். செரிபை தன் காலம் முழுவதும் செய்வது மறுசுழற்சி.

பாதுகாப்பிலும் அதற்குப் பங்குண்டு. வெள்ளையணு ஒரு பாக்டீரியாவை விழுங்கும்போது, விழுங்கிய குமிழி செரிபையோடு இணைய, பாக்டீரியா கரைந்துபோகிறது. காசநோய்க் கிருமி இந்த இணைப்பையே தடுத்துவிடுகிறது. தன்னைக் கொல்ல வந்த உயிரணுவுக்குள்ளேயே அது குடியிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

நொதி மிகுந்தால் கேடு என்பது எளிதில் புரியும். ஒரே ஒரு நொதி குறைந்தால் என்ன ஆகும்? நெதர்லாந்தைச் சேர்ந்த நோய்க்குறியியலாளர் யோவானஸ் பொம்பே, ஏழு மாதப் பெண் குழந்தை ஒன்றின் உடலை ஆராய்ந்து கண்டதை 1932இல் விவரித்தார். குழந்தையின் இதயம் மிகப் பெருத்திருந்தது. நுண்ணோக்கியில் பார்த்தபோது இதயத் தசை கிளைக்கோஜன் என்னும் சேமிப்பு மாவுப்பொருளால் நிரம்பி, தசையிழைகள் வலைபோல் விரிந்து தோன்றின. இந்நோய் இன்று அவர் பெயரால் அழைக்கப்படுகிறது. பொம்பே பின்னர் நாஜி ஆக்கிரமிப்பை எதிர்த்த இயக்கத்தில் சேர்ந்து, 1945 ஏப்ரலில், போர் முடியச் சில வாரங்களே இருந்த நிலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். தாம் கண்ட நோயின் காரணம் அவருக்குத் தெரியாமலே போயிற்று.

அக்காரணம் புதிராகவே இருந்தது. கிளைக்கோஜனை உடைக்க அதுவரை அறியப்பட்டிருந்த நொதிகள் எல்லாம் இக்குழந்தைகளிடம் ஒழுங்காகவே இருந்தன. பின் ஏன் கிளைக்கோஜன் தேங்குகிறது? 1963இல் லூவெய்னிலேயே, டி டூவின் உடன்பணியாளரான ஹென்றி-கெரி எர்ஸ் விடை கண்டார். குறைந்திருந்தது செரிபைக்குள் இருக்க வேண்டிய ஒரு நொதி. வெளியே உள்ள கிளைக்கோஜன் வழக்கம்போல் உடைந்து ஆற்றலாகிறது. ஆனால் சிறிதளவு கிளைக்கோஜன் நாள்தோறும் செரிபைக்குள் போய்ச்சேர்கிறது. உள்ளே போனது உடையாமல், வெளியேறவும் இயலாமல் அங்கேயே தங்குகிறது. பை வீங்குகிறது; தசையிழைகள் நெருக்குண்டு சிதைகின்றன. கைக்கெட்டும் தொலைவில் உணவு குவிந்திருக்க, தசை வலுவிழந்து போகிறது. இத்தகைய செரிபைத் தேக்க நோய்கள் 50க்கு மேற்பட்டவை இன்று இனங்காணப்பட்டுள்ளன. தனித்தனியே அரியவை, ஆனால் பல குழந்தைகளைத் தாக்குபவை.

நோயின் காரணம் தெரிந்ததால் மருத்துவமும் பிறந்தது. புதிதாக உருவாகும் நொதியைச் செரிபைக்கு அனுப்ப, உயிரணு அதன்மேல் ஒரு சர்க்கரைத் துண்டை முகவரிபோல் ஒட்டுகிறது. அம்முகவரியை அறியும் ஏற்பிகள் உயிரணுவின் புறச்சவ்விலும் உள்ளன. ஆகவே, முகவரியோடு கூடிய நொதியைக் குருதியில் செலுத்தினால் உயிரணு அதை உள்வாங்கிச் செரிபைக்குள் சேர்த்துவிடும். பொம்பே நோய்க்கான நொதி மருந்து 2006இல் ஒப்புதல் பெற்றது. குருதிநாளத்தின் வழியே திரும்பத் திரும்ப, வாழ்நாள் முழுதும் செலுத்த வேண்டியது அது. செலவோ மிகப் பெரிது.

இனி, பண்டசாலைக்கு வருவோம். தாவர உயிரணுவின் படத்தில் நடுவில் பெரிய வெண்ணிறப் பகுதி ஒன்று காணப்படும். 1841இல் பிரெஞ்சு உயிரியலாளர் ஃபெலிக்ஸ் துஜார்டின் ஒற்றையணு உயிரிகளில் கண்ட தெளிந்த குமிழிகளுக்கு 'வாக்குவோல்' என்று பெயரிட்டார். 'சிறு வெற்றிடம்' என்பது பொருள். நுண்ணோக்கியில் அவை வெறுமையாகத் தோன்றின. பெயரும் அப்படியே அமைந்தது. தமிழிலும் 'புன்வெற்றிடம்' என்று மொழிபெயர்த்து, அந்தத் தோற்ற மயக்கத்தையும் சேர்த்தே கொண்டுவந்துவிட்டோம். மூலச்சொல்லின் பொருளை ஆய்வு மறுத்துவிட்ட பின், மூலச்சொல்லை அடியொற்றிப் பெயர்ப்பது மாணவரை மயக்கும் என்பதே என் கருத்து. 'நுண்குமிழி' என்போர் உளர். அது பொய் சொல்லாத சொல்.

அக்குமிழியில் இல்லாதது எது? முதிர்ந்த தாவர உயிரணுவின் கொள்ளளவில் 80 முதல் 90 விழுக்காடு வரை அதுவே அடைத்துக்கொள்ளும். எலுமிச்சையின் புளிப்பும், கரும்பின் இனிப்பும் நுண்குமிழியில் தங்கியவை. சேப்பங்கிழங்கைப் பச்சையாகத் தொட்டால் கை அரிப்பதற்கு, அதன் நுண்குமிழிகளில் ஊசி ஊசியாகப் படிந்துள்ள கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் காரணம். கிளந்தானின் நாசி கெராபுக்கு நீலநிறம் ஊட்டும் சங்குப்பூவின் சாயமும் இதழ் உயிரணுக்களின் நுண்குமிழிச் சேமிப்புதான். புத்தம்புது இதழைக் குளிர்ந்த நீரில் இட்டால் சாயம் எளிதில் இறங்குவதில்லை. வெந்நீரில் இட்டால் உடனே இறங்குகிறது. வெப்பத்தால் சவ்வு சிதைந்து சுவர் இல்லாமற்போவதே காரணம். அந்நீலச்சாற்றில் எலுமிச்சைச் சாறு சில துளி விட்டால் ஊதாவாக மாறும். செலவில்லாத வகுப்பறைச் சோதனை இது; சவ்வையும் பி.எச். மாற்றத்தையும் ஒரே கோப்பையில் காட்டிவிடலாம்.

சேமிப்போடு தாங்குதலும் நுண்குமிழியின் வேலை. உள்ளே கரைந்துள்ள உப்பும் சர்க்கரையும் நீரை ஈர்க்க, குமிழி உப்பி, உயிரணுச்சுவரை உள்ளிருந்து அழுத்துகிறது. கார் சக்கரத்தில் அடைக்கும் காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 2 வளிமண்டலம். பல தாவர உயிரணுக்களில் இந்த விறைப்பழுத்தம் 5ஐத் தாண்டும். எலும்பில்லாத கீரைத்தண்டு நிமிர்ந்து நிற்பது இதனால்தான். நீர் குறைந்தால் குமிழி சுருங்க, தண்டு தொய்கிறது. தொட்டாற்சுருங்கி இலை மடிவதும் அதன் காம்படி முடிச்சில் ஒருபக்க உயிரணுக்கள் நொடிப்பொழுதில் நீரை இழப்பதால்தான்.

இவ்விடத்தில் சற்று நின்று, நம் நாட்டு மண்ணில் நன்கு ஆராயப்பட்ட ஒரு மரத்தைப் பார்க்கலாம். தோட்டத்தில் பிறந்தவர்களின் பேரப்பிள்ளைகளாகிய மாணவர் பலருக்கு இரப்பர் மரம் இன்று ஒரு கதை மட்டுமே. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, இருள் பிரியுமுன் முதல் மரத்தில் உளி வைத்த தலைமுறைக்கு இரண்டு உண்மைகள் ஐயமின்றித் தெரியும்: வெயில் ஏறினால் பால் குறையும், எந்த மரத்திலும் பால் சில மணி நேரத்தில் தானே நின்றுவிடும். இவ்விரண்டுக்கும் விளக்கம் உயிரணுவுக்குள் இருக்கிறது.

இரப்பர்ப் பால் மரத்தின் சாறு அன்று. அது உயிரணுவின் உட்பொருள். பட்டைக்குள் உயிரணுக்கள் வரிசையாக அமைந்து, அவற்றின் இடைச்சுவர்கள் கரைந்து, நீண்ட குழாய்களின் வலை உருவாகிறது. அக்குழாயை வெட்டும்போது வெளிவருவது உயிருள்ள சைட்டோபிளாசமே. உட்கருக்கள் பெரும்பாலும் குழாயின் ஓரத்தில் தங்கிவிடுவதால், இழந்ததை ஓரிரு நாளில் மரம் மீண்டும் ஆக்கிக்கொள்கிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டும் முறை இதற்குப் பொருந்துவது. விடியற்காலையில் இக்குழாய்களின் விறைப்பழுத்தம் 10 வளிமண்டலத்துக்கு மேல் இருப்பதை மலாயாவில் பட்டரி, போட்மன் ஆகிய ஆய்வாளர்கள் 1960களில் அளந்து காட்டினர். பகல் ஏற ஏற இலைகள் நீரை ஆவியாக்க, அழுத்தம் தளர்கிறது. வெயிலோடு பால் குறைவதன் காரணம் இதுவே.

பால் ஏன் நிற்கிறது என்பது இதைவிடச் சுவையான கேள்வி. காற்றுப்பட்டுக் காய்ந்து அடைத்துக்கொள்கிறது என்று சொல்வது எளிது. ஆனால் அது முழு விடையன்று. பாலை மிகு வேகத்தில் சுழற்றிப் பிரித்தால், மேலே இரப்பர்த் துகள்கள் வெண்படலமாக மிதக்கும், நடுவே தெளிநீர், அடியில் மஞ்சள்சார்ந்த ஒரு படிவு. அப்படிவில் பெரும்பகுதி 'லூட்டாய்டு' எனப்படும் நுண்குமிழிகள். பாலின் கன அளவில் 10 முதல் 20 விழுக்காடு அவையே. அவற்றின் உட்புறம் அமிலத்தன்மை வாய்ந்தது. கால்சியம், மக்னீசியம் அயனிகளும், நேர்மின்னூட்டமுள்ள புரதங்களும், ஹெவீன் என்னும் சிறு புரதமும் அங்கே அடைபட்டிருக்கின்றன. வெளியே மிதக்கும் இரப்பர்த் துகள்களோ எதிர்மின்னூட்டம் உடையவை. அம்மின்னூட்டத்தால் ஒன்றையொன்று விலக்கி, ஒட்டாமல் மிதக்கின்றன.

உளி பட்டவுடன் குழாயின் அழுத்தம் திடீரென வீழ்கிறது. பால் குறுகிய வாயில் வழியே விரைந்து பாயும்போது லூட்டாய்டுகள் உராய்ந்தும், உட்புகும் நீரால் உப்பியும் வெடிக்கின்றன. உள்ளிருந்தவை வெளிவந்து துகள்களின் மின்னூட்டத்தைத் தணிக்க, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, குழாயின் வாயை அடைக்கின்றன. மலாயா இரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தில் சதர்ன் என்பவரும் உடனாய்ந்தவர்களும் 1960களில் இதனை விளக்கினர். நம் குருதி உறைவதற்கு நிகரான முதலுதவி இது. பீப்பாய்ப் பாலில் அம்மோனியா சேர்ப்பது துகள்களின் எதிர்மின்னூட்டத்தைக் காக்க. தொட்டியில் ஃபார்மிக் அமிலம் ஊற்றுவது அதைத் தணித்துக் கட்டியாக்க. மரம் லூட்டாய்டைக் கொண்டு செய்வதையே ஆலை அமிலத்தைக் கொண்டு செய்கிறது.

லூட்டாய்டைப் பற்றி இவ்வளவு சொல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. 1960களின் இறுதியில் அதற்குள் சிதைக்கும் அமில நொதிகளும் இருப்பது தெரிந்தது. அதாவது அது நுண்குமிழியும் ஆகும், செரிபையும் ஆகும். பாடநூல் இவ்விரண்டையும் இரு பக்கங்களில் வெவ்வேறாக வைக்கிறது. விலங்குக்கு ஒன்று, தாவரத்துக்கு ஒன்று என்று அட்டவணையும் இடுகிறது. இயற்கை அவ்வட்டவணையைப் பின்பற்றுவதில்லை. தாவரங்களிலும் பூஞ்சைகளிலும் ஒரே குமிழி சேமிக்கவும் செய்யும், செரிக்கவும் செய்யும்.

ஜப்பானியரான யோஷினோரி ஓசுமியின் கண்டுபிடிப்பு இதனையே நம்பி நின்றது. 1988இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் தமக்கென ஒரு சிறு ஆய்வுக்கூடத்தைத் தொடங்கிய அவர், ரொட்டி உப்பச் செய்யும் ஈஸ்டின் நுண்குமிழியைத் தேர்ந்தெடுத்தார். பட்டினி கிடக்கும் உயிரணு தன் உறுப்புகளைத் தானே செரித்து வாழ்கிறது என்பது முன்பே தெரியும். 'தன்னுண்ணல்' எனப் பொருள்படும் பெயரை அதற்கு 1963இல் சூட்டியவரும் டி டூவே. ஆனால் செரிமானம் விரைந்து முடிந்துவிடுவதால் அந்நிகழ்வைக் கண்ணால் காண்பது கடினம். ஓசுமி சிதைக்கும் நொதிகள் இல்லாத ஈஸ்ட் வகையை எடுத்துப் பட்டினி போட்டார். உள்ளே இழுக்கப்பட்டவை கரையாமல் குமிழிக்குள் குவிந்தன. எளிய ஒளி நுண்ணோக்கியிலேயே அவை துள்ளி அசைவது தெரிந்தது. அடுத்து, குவியாத ஈஸ்டுகளைத் தேடிப் பிடித்து, தன்னுண்ணலுக்கு வேண்டிய 15 மரபணுக்களை 1993இல் அறிவித்தார். 2016இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பிறந்த எலிக்குட்டி தாய்ப்பால் கிடைக்கும்வரை தாக்குப்பிடிப்பதும் தன்னுண்ணலால்தான். அதற்குரிய மரபணு செயலிழந்த குட்டிகள் ஒரு நாளுக்குள் மடிந்துவிடுகின்றன.

செரிபைகளும் குமிழிகளும் உயிரணுவில் இலக்கின்றி மிதப்பவை அல்ல. அவற்றைத் தாங்குவதும், ஓரிடத்திலிருந்து ஓரிடத்துக்குக் கொண்டுசெல்வதும் ஒரு புரதச் சட்டகம். இதனை 'உயிரணு எலும்புக்கூடு' என்று சிலர் எழுதுவர். எலும்புக்கூடு என்றதும் இறந்த, அசையாத ஒன்றே நினைவுக்கு வருகிறது. 'சட்டகம்' என்பது சற்று மேல். அதுவும் முற்றிலும் பொருந்தாது, ஏனெனில் இச்சட்டகம் ஓயாமல் கட்டப்பட்டும் பிரிக்கப்பட்டும் வருகிறது. அது நெடுங்காலம் ஆய்வாளர் கண்ணுக்குத் தப்பியதற்கும் இதுவே காரணம்: குளிரில் உதிர்ந்துவிடும் அதன் நுண்குழாய்கள், பழைய முறையில் பதப்படுத்திய மாதிரிகளில் எஞ்சவில்லை. 1963இல் குளூட்டரால்டிகைடு என்னும் பதப்படுத்தி வழக்கத்துக்கு வந்த பிறகே அவை எங்கும் இருப்பது தெரிந்தது.

மூவகை இழைகள் இதில் உண்டு. 7 நானோமீட்டர் தடிப்புள்ள ஆக்டின் இழைகள் உயிரணுவின் ஓரத்தை உருவாக்கி அசைக்கின்றன. 10 நானோமீட்டர் தடிப்புள்ள இடைநிலை இழைகள் இழுவிசையைத் தாங்குகின்றன. தோலின் கெரட்டின் இவ்வகை, அதில் பிழை நேர்ந்தால் இலேசாக உரசினாலே தோல் கொப்புளிக்கும். 25 நானோமீட்டர் விட்டமுள்ள நுண்குழாய்கள் பாதைகளாகின்றன. அவற்றின் செங்கல் டியூபுலின் என்னும் புரதம்.

அச்செங்கல் கண்டறியப்பட்டது ஒரு நஞ்சின் துணையால். செங்காந்தளின் கிழங்கில், அதாவது கார்த்திகைக் கிழங்கில், கால்ச்சிசின் என்னும் கடும் நஞ்சு உண்டு. ஐரோப்பாவில் இலையுதிர்காலக் குரோக்கசு எனப்படும் வேறொரு செடியிலிருந்து அதைப் பிரித்தெடுத்தனர். உயிரணுப் பிரிவை அது நிறுத்திவிடுவது தெரிந்திருந்தது. எதைப் பற்றி நிறுத்துகிறது என்பது தெரியவில்லை. 1967இல் சிக்காகோவில் போரிசி, டெய்லர் இருவரும் கதிரியக்கக் குறியிட்ட கால்ச்சிசின் உயிரணுவில் எங்கே போய் ஒட்டுகிறது என்று தேடினர். அது ஒட்டியிருந்த புரதமே டியூபுலின்.

கோவில் நந்தவனங்களில் பூக்கும் நித்தியகல்யாணியிலும் இத்தகைய பொருள் ஒன்று உள்ளது. வின்கிரிஸ்டின் என்னும் அம்மருந்து டியூபுலினைப் பற்றிக்கொண்டு, பிரியும் உயிரணுக்களில் நுண்குழாய் உருவாகாமல் தடுக்கிறது. குழந்தைகளின் இரத்தப் புற்றுக்கு 1960கள் முதல் பயன்படுகிறது. அம்மருந்து பெறும் குழந்தைகள் சிலருக்குக் கைகால் விரல்கள் மரத்துப்போகும். முதுகுத்தண்டின் அருகிலிருந்து கால்விரல் வரை செல்லும் நரம்பிழையின் நீளம் வளர்ந்தவருக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர். அது ஒரே உயிரணுவின் நீட்சி. அதன் முனைக்கு வேண்டியவை நுண்குழாய்ப் பாதையிலேயே செல்கின்றன. 1985இல் கண்டறியப்பட்ட கினீசின் என்னும் இயக்கிப் புரதம், அடி ஒன்றுக்கு 8 நானோமீட்டராக அப்பாதையில் நடந்து சுமையை வெளிநோக்கி எடுத்துச்செல்கிறது. பழுதானவற்றைச் சுமந்த குமிழிகளை டைனீன் என்னும் மற்றொரு புரதம் உயிரணுவின் உடலருகே உள்ள செரிபைகளுக்குத் திருப்பிக் கொண்டுவருகிறது. பாதை குலைந்தால் இரண்டும் தடைப்படுகின்றன. மிக நீண்ட நரம்புகளே முதலில் துன்புறுகின்றன. ஆதலால்தான் விரல் நுனி மரக்கிறது.

சிவப்பணுவின் சட்டகம் வேறு வகை. அதன் விட்டம் ஏறத்தாழ 8 மைக்ரோமீட்டர். அது நுழைய வேண்டிய நுண்நாளங்கள் சில அதைவிடக் குறுகியவை. 120 நாள் வாழ்வில் எண்ணற்ற முறை நசுங்கி நிமிர அதற்கு உதவுவது சவ்வின் அடியில் விரிந்திருக்கும் ஸ்பெக்டிரின் என்னும் புரத வலை. அவ்வலையைச் சவ்வோடு பிணைக்கும் நங்கூரங்களுள் ஒன்று 'பட்டை 3' எனப்படும் புரதம். தென்கிழக்காசியாவில், மலாய்க்காரரிடையிலும் ஓராங் அஸ்லி மக்களிடையிலும், அப்புரதத்தின் மரபணுவில் 27 எழுத்துகள் விடுபட்ட ஒரு வடிவம் பரவலாகக் காணப்படுகிறது. ஒன்பது அமினோ அமிலங்கள் குறைந்த அப்புரதத்தால் சவ்வு விறைத்து, சிவப்பணு முட்டை வடிவம் பெறுகிறது. விறைத்த அணுவுக்குள் மலேரியா ஒட்டுண்ணி நுழைவது கடினம். மூளையைத் தாக்கும் கொடிய மலேரியாவிலிருந்து இது காக்கிறது. ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் இம்மாற்றத்தைப் பெற்றவர் பெரும்பாலும் நலமாகவே வாழ்கிறார், தம் குருதியில் அது இருப்பதை அறியாமலே. இரு பெற்றோரிடமிருந்தும் பெற்ற கருவோ அநேகமாகப் பிறக்கும்வரை பிழைப்பதில்லை.